முதல் மூன்று காட்டுக் கத்திகள்: பார்த்து வாங்குவதும் துரு ஏறாமல் வைத்திருப்பதும்

மடங்காத கத்தி சேகரிக்கத் தொடங்கும் யாரும் முதலில் கேட்பது "எந்த ஸ்டீல் நல்லது?" என்றுதான். விற்பவர்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் ஒரே ஸ்டீலில் செய்த இரண்டு கத்திகளில் ஒன்று காய்ந்த குச்சியைச் சுருள் சுருளாகச் சீவும், இன்னொன்று அதே குச்சியில் வழுக்கிக்கொண்டு போகும். காரணம் அலகின் வடிவம். அதற்கு அடுத்தது தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கி, பிறகு மிதமான சூட்டில் வைத்து அதன் நொறுங்கும் தன்மையைக் குறைக்கிற வேலை. ஸ்டீலின் பெயர் மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையில் பார்த்து வாங்கினால் முதல் வருடத்துக்கு மூன்று கத்தி போதும். பத்து வாங்கி எட்டை விற்க அலைய வேண்டாம்.

அலகை முனையிலிருந்து பாருங்கள்

பக்கவாட்டுப் படத்தில் எல்லாக் கத்தியும் அழகாகத்தான் இருக்கும். கத்தியின் குணம் தெரிவது குறுக்குவெட்டில். முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை இரும்பு எப்படி ஒடுங்கி வருகிறது என்பதில் மூன்று வகையைப் பிரித்தறியப் பழகினால் போதும்.

முதலாவது ஸ்காண்டி சரிவு. அலகின் மேல்பாதி தட்டையாக முழுத் தடிமனில் வந்து, கீழே ஒரே சரிவாக வாயில் முடியும். ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான். மரம் சீவ இதைப் போல வேறெதுவும் இல்லை, ஏனென்றால் அகலமான சரிவு மரத்தின் மேல் படிந்து கையை வழிநடத்தும். இரண்டாவது தட்டைச் சரிவு. முதுகிலிருந்தோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ நீளமாக ஒடுங்கி, வாயில் மட்டும் இன்னொரு சின்னச் சரிவு வைத்திருப்பார்கள். காய்கறி, இறைச்சி, கயிறு எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். மூன்றாவது குவிச் சரிவு. பக்கங்கள் லேசாகப் புடைத்து, அரிசிமணியின் முனை போல வளைந்து வாயில் சேரும். வாய்க்குப் பின்னால் இரும்பு நிறைய இருப்பதால் கட்டை பிளக்கும்போது தாங்கும்.

ஸ்காண்டி கத்தியின் கோணத்தைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. முதுகின் தடிமனில் பாதியை எடுத்து, சரிவின் உயரத்தால் வகுத்து, 57ஆல் பெருக்குங்கள். ஒரு பக்கத்தின் கோணம் டிகிரியில் கிடைத்துவிடும். 2.5 மி.மீ. தடிமன், சரிவின் உயரம் 6 மி.மீ. என்றால் 1.25ஐ 6ஆல் வகுத்து 57ஆல் பெருக்க, ஏறக்குறைய 12 டிகிரி. அதே 2.5 மி.மீ. கத்தியில் சரிவு 4 மி.மீ. மட்டும்தான் என்றால் 18 டிகிரிக்குப் போய்விடுகிறது. அது மரத்தைச் சீவாது, தள்ளிக்கொண்டு போகும். சரிவின் உயரத்தைச் சொல்லாத விற்பனையாளரிடம் பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்கி, அலகின் அகலத்தோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போடலாம்.

தடிமனில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 5, 6 மி.மீ. தடிமன் கத்தி கையில் எடுத்தவுடன் திருப்தியாக இருக்கும். ஆனால் வெங்காயத்தில் இறக்கினால் பாதியிலேயே அதைப் பிளந்துவிடும், நறுக்காது. காட்டில் கத்தி செய்யும் வேலையில் பெரும்பகுதி சின்ன வேலைகள்தான்: கயிறு அறுப்பது, குச்சி சீவுவது, சமையலுக்கு நறுக்குவது. 2.5 முதல் 3.2 மி.மீ. வரை உள்ளதை முதலில் வாங்குங்கள். கட்டை பிளப்பதுதான் நோக்கம் என்றால் கைக்கோடாலி அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வாலையும் விசாரிக்க வேண்டும். பிடியின் அதே அகலத்தில் கடைசி வரை ஓடினால் அது ஃபுல் டேங். ஒடுங்கிய கம்பியாக உள்ளே போய்ப் பின்முனையில் அறைந்து இறுக்கியிருந்தால் ஸ்டிக் டேங். பிடியின் பாதியிலோ முக்காலிலோ நின்றுபோனால் அரை வால். ஃபுல் டேங் இல்லாத கத்தியைத் தொடவே கூடாது என்று பலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஃபின்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்டிக் டேங் கத்தியில்தான் எல்லா வேலையும் செய்கிறார்கள். முறிவது வால் ஒடுங்கியிருப்பதால் மட்டும் இல்லை. அலகிலிருந்து வால் பிரியும் இடத்தில் உள்மூலை வளைவாக இல்லாமல் சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். கட்டையில் இறக்கி முதுகில் அடிக்கிற வேலைக்கு மட்டும் ஃபுல் டேங் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டீலைப் பற்றித் தெரிய வேண்டியது இவ்வளவுதான்

துருப்பிடிப்பது, எளிதில் துருப்பிடிக்காதது என்று இரண்டு குடும்பம். கார்பன் ஸ்டீலில் 1095 என்பது பிரபலம். அதில் கார்பன் சுமார் 0.95 சதவீதம், குரோமியம் பெயருக்குக்கூட இல்லை. தீட்டுவது எளிது, கவனிக்காவிட்டால் ஒரே இரவில் துரு. ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்வீடனின் 12சி27 என்பதில் கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். அதன் தம்பி 14சி28என் என்பதில் குரோமியம் 14 சதவீதம், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கைகாட்டுவது இந்த இரண்டையும்தான். கூரும் ஏறும், கல்லில் எளிதில் தீட்டவும் வரும், துருவையும் தாங்கும்.

டி2 ஸ்டீலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் குரோமியம் 12 சதவீதம் இருப்பதைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் என்று நினைத்துக் கடலோரத்தில் உறைக்குள் போட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் கார்பன் 1.5 சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் கணிசமான பகுதியைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினத் துகளாக மாற்றிவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. டி2 கத்தியை அரை ஸ்டெயின்லெஸ் என்று வைத்துக்கொண்டு எண்ணெய் தடவுங்கள்.

கடினத்தை ராக்வெல் சி அளவில் சொல்வார்கள். காட்டுக் கத்திக்கு 56 முதல் 60 வரை சரி. 54க்குக் கீழே வாய் மடங்கும். மெல்லிய வாயில் 62க்கு மேலே போனால் காய்ந்த முடிச்சில் பட்டுச் சில்லு பெயரும். அலகின் மேல் ஸ்டீல் பெயரே பொறிக்காமல் "சர்ஜிக்கல் ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்குக் குறிப்பிட்ட கலவை எதுவும் இல்லை.

மூன்று கத்தி

முதலாவது மோரா. ஸ்வீடனில் டாலர்னா மாகாணத்து மோரா ஊரை ஒட்டி இந்தக் கத்திகள் பிறந்தன. அங்கே 1891இல் தொடங்கிய ஃப்ராஸ்ட் குடும்பத்துப் பட்டறையும் 1912இல் தொடங்கிய கே.ஜே. எரிக்சன் பட்டறையும் 2005இல் ஒன்றாகி, இன்று மோராக்னிவ் என்ற பெயரில் விற்கின்றன. அவர்களுடைய கம்பேனியன் ரகம்: சுமார் 104 மி.மீ. அலகு, 2.5 மி.மீ. தடிமன், ஸ்காண்டி சரிவு, ரப்பர் ஒட்டிய பிளாஸ்டிக் பிடி. வால் பிடியின் கடைசி வரை போவதில்லை. விலை குறைவு, கூர் அருமை. கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டும் வருகின்றன. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போல உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இருப்பவர்கள் முதல் கத்திக்கு ஸ்டெயின்லெஸ்ஸையே எடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கம்பேனியனின் முதுகு சற்று மழுங்கலாக இருக்கும், ஃபெர்ரோ கம்பியில் உரசித் தீப்பொறி எடுக்க ஒத்துவராது. பொறி வேண்டுமென்றால் முதுகின் இரு விளிம்பும் சதுரமாக, நகத்தை உரசினால் தூள் சுரண்டும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும்.

இரண்டாவது ஃபின்லாந்தின் பூக்கோ. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமியில் மார்ட்டீனி நிறுவனம் 1928 முதல் செய்கிறது. காவ்ஹவா ஊரில் பிடியின் முனையில் குதிரைத்தலை வைத்துச் செய்வது தனி மரபு. பூக்கோவை வாங்கச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. மரப்பிடி, தோல் உறை, ஸ்டிக் டேங், கார்பன் அலகு என்று பராமரிப்பில் கற்க வேண்டிய எல்லாமே அந்த ஒரு கத்தியில் இருக்கின்றன. பூக்கோவில் விரல் தடுப்பு கிடையாது. இழுத்துச் சீவுவதற்காகச் செய்த கத்தி அது, குத்துவதற்கு இல்லை. முனையால் அழுத்தித் துளை போடப் போனால் கை வாய்க்கு வழுக்கிவிடும். பிடியின் பின்முனை உள்ளங்கையில் அடங்கும்படி பிடித்தால் மட்டுமே அந்த வேலையைச் செய்யலாம்.

மூன்றாவது, கனமான ஒன்று. இங்கே உங்கள் ருசிக்கு இடம் உண்டு. மோராவின் கார்பர்க் 2016இல் வந்தது, 109 மி.மீ. அலகு, 3.2 மி.மீ. தடிமன், ஃபுல் டேங், முதுகு பொறி எடுக்கத் தோதாகச் சதுரமாகத் தீட்டியது. ஸ்வீடனின் வடக்கே போடென் ஊரைச் சேர்ந்த ஃபால்க்னிவன் செய்யும் எஃப்1, 1995இல் ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்கான கத்தியாக ஏற்கப்பட்டது. 97 மி.மீ. அலகுதான், ஆனால் 4.5 மி.மீ. தடிமன், குவிச் சரிவு. வரலாறு பிடிக்கும் என்றால் கா-பார். அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்றுக்கொண்ட வடிவம், 7 அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி. வெட்டும் சுகத்தில் அது மூன்றாமிடம்தான், சேகரிப்பில் முதலிடம்.

பார்சல் வந்த அன்று

எண்ணெயைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள். வாயை மேலே வைத்து, துப்பாக்கிக் குறி பார்ப்பது போல ஒரு கண்ணால் முனை வரை பாருங்கள். வாய் ஒரே கோட்டில் போக வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் ஒதுங்கினால் தோய்ச்சலின்போது அலகு முறுக்கிக்கொண்டது. அதைத் தீட்டிச் சரிசெய்ய முடியாது, திருப்பி அனுப்புங்கள். அடுத்து இரண்டு பக்கச் சரிவும் ஒரே உயரமா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கை ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு வாயை விளக்குக்கு நேராகத் திருப்புங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். எங்கேயாவது வெள்ளிப் புள்ளி மின்னினால் அங்கே வாய் மழுங்கியிருக்கிறது அல்லது சில்லு போயிருக்கிறது. கடைசியாக உறை. கத்தியை உறைக்குள் போட்டுத் தலைகீழாகப் பிடித்து, மெத்தைக்கு மேலே நின்று இரண்டு முறை உதறுங்கள். நழுவினால் அந்த உறை இடுப்புக்கு ஆகாது.

உறையிலிருந்து உருவும் விதத்தை முதல் நாளே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாய் இருக்கும் பக்கத்தில் உறையைச் சுற்றி விரல் வைக்கக் கூடாது. பழைய தோல் உறையில் தையல் நைந்திருந்தால், உருவும் வேகத்தில் வாய் தையலை அறுத்துக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். முதுகுப் பக்கம் மட்டும் பிடித்து, கட்டைவிரலால் உறையின் வாயைத் தள்ளினால் கத்தி இறுக்கம் தளர்ந்து வரும்.

தீட்டுதல்

புதுக் கத்தியின் கூரைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீர் இல்லாமல் ஓடும் சாணைச் சக்கரத்துக்கு. மெல்லிய வாயில் சூடு சேர இரண்டு விநாடி போதும். இரும்பின் மேல் வைக்கோல் நிறம் வந்தால் 220 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது, நீலம் ஓடினால் 300ஐத் தொட்டுவிட்டது. எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கிய பிறகு பல கத்திகளைப் பதப்படுத்தும் சூடே ஏறக்குறைய 200 டிகிரிதான். நீலம் பட்ட இடம் மிருதுவாகிவிடும், எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அந்த இரும்பைத் தேய்த்து அகற்றினால்தான் தீர்வு. அலகில் சில மில்லிமீட்டர் போய்விடும்.

கையால் தீட்ட 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு) தண்ணீர்க்கல் ஒன்று, 4000 அல்லது 6000 ஒன்று, தோல் ஒட்டிய பலகை ஒன்று. கல் வாங்க மனமில்லை என்றால் கண்ணாடித் தகடும், 400, 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரும் போதும். ஹார்ட்வேர் கடைச் சாணைக்கல்லின் சொரசொரப்பான பக்கத்தை உடைந்த வாய்க்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஸ்காண்டி கத்திக்குக் கோணம் தேட வேண்டியதே இல்லை, சரிவே கோணம். கல்லில் தண்ணீர் விட்டு, சரிவைப் படிய வையுங்கள். முதுகை லேசாக மேலும் கீழும் ஆட்டினால் ஒரு நிலையில் சரிவு கல்லோடு ஒட்டிக்கொள்வது விரலுக்குத் தெரியும், அடியிலிருந்து ஒரு துளி தண்ணீர் வாய் ஓரமாக வெளியே வரும். அந்தத் தண்ணீர்க் கோடுதான் சாட்சி. இரண்டு விரலைச் சரிவின் நேர் மேலே வைத்து, வாயை முன்னால் விட்டு, கல்லிலிருந்து மெல்லிய தோல் சீவுவது போலத் தள்ளுங்கள். பிடிப் பக்கத்தில் தொடங்கி முனையில் முடிக்க வேண்டும். வயிறு வளையும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் சரிவு கல்லை விட்டு எழும்பாது. உயர்த்தாமல் விட்டால் முனை மழுங்கலாகவே நிற்கும். புதியவர்களின் கத்திகளில் பெரும்பாலும் இந்தக் குறைதான்.

பத்துப் பத்துத் தடவையாக ஒரு பக்கம் மட்டும் தீட்டி, எதிர்ப் பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வருடிப் பாருங்கள். வாய் நெடுக மெல்லிய பிசிறு நகத்தில் தட்டுப்பட வேண்டும். பாதி நீளத்தில் மட்டும் பிசிறு இருந்தால் மீதிப் பாதியில் இன்னும் வாயைத் தொடவே இல்லை என்று பொருள். முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். மறுபக்கமும் முடிந்ததும் நைசான கல்லில் அழுத்தம் குறைத்து, பக்கத்துக்கு ஒரு தடவை என்று மாறி மாறிப் பத்து முறை. பிறகு பச்சை குரோமியம் ஆக்சைடு தேய்த்த தோலில், இம்முறை வாயைப் பின்னால் விட்டு முதுகை முன்னால் இழுத்துப் பக்கத்துக்குப் பதினைந்து. தோலில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் தோல் குழிந்து வாயைச் சுற்றி மேலேறி, கூரை உருட்டிவிடும். வாட்டர் பேப்பரிலும் பின்னோக்கி மட்டும்தான், இல்லாவிட்டால் வாய் காகிதத்தைக் கிழித்துவிடும்.

தட்டைச் சரிவுக் கத்தியில் கோணத்தைக் கையில்தான் பிடிக்க வேண்டும். 25 மி.மீ. அகல அலகு என்றால், முதுகு கல்லிலிருந்து 8.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் 20 டிகிரி, 6.5 மி.மீ. என்றால் 15 டிகிரி. நாணயங்களை அடுக்கி அந்த உயரத்தை வைத்து முதல் தடவைக்குக் கண்ணைப் பழக்கலாம். வாயில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். மை வாயோரம் மட்டும் போனால் கோணம் அதிகம், மேலே மட்டும் போனால் குறைவு. குவிச் சரிவுக்குக் கல் ஆகாது. மௌஸ் பேடின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து இழுத்தால், அதன் மெத்தை வளைவுக்கு ஏற்ப இறங்கிக்கொடுக்கும்.

ஸ்காண்டியில் காய்ந்த முடிச்சைச் சீவி வாயில் சின்னச் சின்னச் சில்லு பெயர்ந்தால் ஸ்டீலைக் குறை சொல்லாதீர்கள். வாய் அந்த மரத்துக்கு மிக மெலிசு, அவ்வளவுதான். நைசான கல்லில் முதுகைச் சற்று உயர்த்தி, பக்கத்துக்கு மூன்று தடவை மட்டும் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு சரிவு வந்து வாயைக் காப்பாற்றும்.

ஈரம், தோல், துரு

தீட்டத் தெரியாமல் கெட்ட கத்தியைத் திருத்திவிடலாம். துரு தின்ற குழி திரும்பாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கத்தியைத் தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் சேகரிப்பைக் கொல்லும் பழக்கம். பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அலகோடு ஒட்டியே நிற்கிறது, பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் மிச்சம் இருக்கும். ஆறு மாதம் கழித்து உருவினால் அலகு உறையில் அழுந்தும் இடத்தில், பெரும்பாலும் முனைக்குச் சற்று மேலேயும் பிடியின் கழுத்திலும், குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும். துணியால் துடைத்தால் ஆரஞ்சு போய்விடும், அடியில் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கும். நகத்தால் தடவுங்கள். நகம் இடறினால் குழி விழுந்துவிட்டது. உறையின் பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போலப் பூத்திருந்தால் அதுவும் தோலின் வேலைதான், பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

எனவே உறை தனியாக, கத்தி தனியாக. கத்தியை இளஞ்சூட்டு நீரில் ஒரு துளி சோப்பு விட்டுக் கழுவி, துடைத்து, பிடி சேரும் கழுத்தில் தேங்கிய நீர் வடிய முனையைக் கீழே வைத்து நிறுத்திப் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். பிறகு எண்ணெய். வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தொடாதீர்கள். நாளானால் கெட்டு, பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் சிறந்தது. கெடாது, உணவு நறுக்கும் கத்திக்கும் பாதுகாப்பு. உணவில் படாத கத்திக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். 10 செ.மீ. அலகுக்கு இரண்டே துளி, துணியால் பரப்பிய பின் விரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், வழியக் கூடாது. எண்ணெய் போட்ட பிறகு அலகை விரலால் தொடாதீர்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும்.

வைக்கும் இடம் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நிறம் மாறும் சிலிகா ஜெல். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் மறுபடி பயன்படும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து மறுபடி எண்ணெய் போடுங்கள்.

துருவையும் பேட்டினாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாங்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை சாம்பலும் நீலமுமாகக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பேட்டினா, இரும்போடு ஒட்டிய மெல்லிய படலம், செந்துரு ஏறுவதை ஓரளவு தாமதப்படுத்தும். கார்பன் அலகில் அதை நாமே வரவழைக்கலாம். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சோப்பு போட்டுக் கழுவி, சூடாக்கிய வெள்ளை வினிகரில் அலகை மட்டும் இருபது நிமிடம் நிறுத்துங்கள், கருஞ்சாம்பல் படியும். எடுத்துச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும். சோடா நீரைத் தவிர்த்தால் மிச்ச அமிலம் ஒரு மணி நேரத்தில் செந்துருவைக் கொண்டுவரும். வாயோரம் அமிலம் அரித்திருக்கும் என்பதால் பிறகு ஒரு முறை தோலில் இழுத்துவிடுங்கள்.

செந்துரு வந்துவிட்டால் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, 0000 எண் ஸ்டீல் வுல்லால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும். குழி விழுந்திருந்தால் அதன் உள்ளே இருக்கும் துருவை எடுத்து, எண்ணெய் ஊற விட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழி மறையும் வரை தேய்ப்பது அலகை மெலிதாக்கும் வேலை.

பிடியும் உறையும்

மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று பூச்சு போதும், பிறகு ஆண்டுக்கு ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது காயும்போது வெப்பம் வெளியாகும், கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்து, அல்லது தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுங்கள்.

பிசினில் தோய்த்த துணி, கண்ணாடி இழை அடுக்குகளால் ஆன மைக்கார்ட்டா, ஜி10 பிடிகளுக்குச் சோப்பு நீரும் பழைய டூத் பிரஷும் தவிர எதுவும் வேண்டாம். தோல் வளையப் பிடியை எண்ணெயில் ஊற வைப்பது தவறு, வளையங்கள் உப்பி, பிறகு காயும்போது இடைவெளி விடும். தேன்மெழுகு கலந்த பாலிஷை விரலில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

தோல் உறை நனைந்தால் நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் சுருங்கி விறைத்து, கத்தி நுழையாது. கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையின் ஆபத்து வேறு: உள்ளே ஒரு மணல் துகள் புகுந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகில் ஒரே இடத்தில் கோடு போடும். காட்டிலிருந்து வந்ததும் உறையைக் குழாயடியில் பிடித்துக் கழுவிவிடுங்கள்.

சட்டமும் பழைய கத்திகளும்

இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செய்தவை இதில் வராது. மேலே சொன்ன மூன்றும் இந்த அளவுக்குள்தான், ஆனாலும் காரணமின்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குள் திரிய இது அனுமதி ஆகாது. பிரிட்டனில் மடங்காத கத்தியை எந்த நீளமானாலும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு விழாத மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு. விமானத்தில் எப்போதும் செக்-இன் பெட்டியில்தான்.

பழைய கத்தி வாங்கும்போது அதே மாடலின் புதுக் கத்திப் படத்தை அருகில் வைத்து அலகின் கோட்டை ஒப்பிடுங்கள். பல முறை தீட்டியதில் வயிறு தட்டையாகி, முனை மேலேறி அல்லது கீழிறங்கி இருக்கும். உறையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அலகு புதிதாக மின்ன, உறை மட்டும் தேய்ந்திருந்தால் யாரோ சக்கரத்தில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், எழுத்துப் பொறிப்பின் ஓரங்கள் மழுங்கியிருப்பது அதை உறுதிசெய்யும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மரைன் கத்திகளை கா-பார் முத்திரையிட்ட யூனியன் கட்லரி மட்டுமின்றி கமிலஸ், ராப்ஸன், பால் நிறுவனங்களும் செய்தன. கழுத்தில் உள்ள அந்த முத்திரையும், அலகில் மிஞ்சிய கறுப்புப் பூச்சும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் ஸ்டீல் வுல்லை எடுக்காதீர்கள். செந்துரு இருக்கும் புள்ளிகளில் மட்டும் எண்ணெய் தொட்டு, செம்புக் காசின் விளிம்பால் மெல்ல உரசுங்கள். செம்பு இரும்பைவிட மிருது, துருவைச் சுரண்டும், அடியிலிருக்கும் பழைய கருமையைக் கீறாது.